எண்பது கிராம் குண்டுக்கு ஒரு கதை

மாசியில் கோனியம்மன் தேர் ஓடும் நாட்களில் கோவை ராஜ வீதி முழுக்கக் கடைகள். நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், தேர்முட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் இரண்டு ஆணிப் பலகைகளோடு உட்கார்ந்திருந்தார். கை நீளப் பலகை, வளைவு வளைவாக அடித்த ஆணிகள், ஓரத்தில் ஒரு ஸ்பிரிங் குச்சி. குச்சியை இழுத்து விட்டால் கோலிக்குண்டு மேலே ஏறி, ஆணிகளில் முட்டி முட்டி இறங்கி, எண் எழுதிய ஏதாவது ஒரு குழியில் விழும். ஒரு பலகையில் பச்சைப் பெயின்ட்டும் எண்களும் மட்டும். இன்னொன்றில் வாய் பிளந்த புலியை வரைந்திருந்தார். நடுக்குழிதான் புலியின் வாய். ஆணிகள் இரண்டிலும் ஒரே மாதிரி, ஒரே ஆள் ஒரே அளவில் அடித்தவை. இருந்தும் பச்சைப் பலகை சும்மா கிடந்தது. பையன்கள் அத்தனை பேரும் புலியைச் சுற்றித்தான். என் காசு முழுவதும் புலி வாய்க்கே போனது.

அந்தப் புலி எங்களை என்ன செய்தது என்பது எனக்கு விளங்கியது போன வருடம்தான், கோவையின் கணபதிப் பகுதியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில்.

சிகாகோவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது, கருகிப்போன காயில் ஒன்றைப் பெட்டியில் வைத்து எடுத்து வந்திருந்தான். அவன் வீட்டில் ஒரு பழைய பின்பால் எந்திரம் இருக்கிறது. "மாமா, நம்ம ஊர்ல இதச் சுத்திக் குடுப்பாங்களா?" என்றான். கோவையில் கேட்கிற கேள்வியா அது! 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் இது. செப்புக் கம்பி சுற்றுவது இங்கே தெருவுக்குத் தெரு தெரிந்த கை வேலை.

பின்பால் என்ற பெயருக்குள்ளேயே தேர்க்கடை ஆணிப் பலகை இருக்கிறது. பின் என்றால் ஆணி, பால் என்றால் பந்து. 1871-இல் அமெரிக்காவில் மான்டேக் ரெட்கிரேவ் என்பவர் ஆணிப் பலகைக்கு ஸ்பிரிங் குச்சி வைத்துக் காப்புரிமை பெற்றார். 1931-இல் காசு போட்டு ஆடும் பெட்டியாக அது கடைகளுக்கு வந்து அமெரிக்கா முழுவதும் பரவியது. பின்னர் விளக்கு, மணி, மின்சாரம், பேச்சு எல்லாம் சேர்ந்தன. எந்திரத்தை நேரில் பார்க்காத நம்மில் பலரும் அதைக் கணினியில் ஆடியிருப்போம். விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த 'ஸ்பேஸ் கேடட்' நினைவிருக்கிறதா? காந்திபுரத்து பிரவுசிங் சென்டரில் மின்னஞ்சல் பார்க்க எடுத்த ஒரு மணி நேரத்தில் பாதி அதிலேதான் கழியும். இசட் விசை இடது கை, சாய்கோட்டு விசை வலது கை. 64 பிட் கணினிக்கு மாற்றியபோது குண்டு எதிலும் மோதாமல், பேயைப் போல எல்லாவற்றையும் ஊடுருவி விழுந்துவிட்டதாம். விஸ்டாவில் அந்த விளையாட்டு காணாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார்.

நிஜ எந்திரத்தில் குண்டு பேய் அல்ல. 27 மில்லிமீட்டர் விட்டம், 80 கிராம் எஃகு. பருமனில் ஒரு நெல்லிக்காய், எடையில் இரண்டு இட்லி. அது ஓடும் ஆடுபலகை ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் அகலம், 107 சென்டிமீட்டர் நீளம். அந்தப் பலகையைத் தலைமாட்டில் அரைச் சாண் தூக்கி, ஆறரை பாகைச் சரிவில் வைத்திருப்பார்கள். இந்தச் சரிவில்தான் முதல் சூட்சுமம். புவியீர்ப்பின் இழுப்பில் ஒன்பதில் ஒரு பங்குதான் சரிவின் வழியே குண்டுக்குக் கிடைக்கிறது. கிடைத்ததிலும் ஏழில் இரண்டு பங்கைக் குண்டு தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளச் செலவழித்துவிடுகிறது. ஆகவே, மேலிருந்து தடையில்லாமல் உருண்டால் கீழே வந்து சேர ஒன்றரை விநாடிக்குச் சற்று மேல் ஆகும். வந்து சேரும்போது வேகம் நாம் நடக்கிற வேகம்தான்.

மனிதக் கண்ணுக்கும் கைக்கும் இது சரியான அளவு. இன்னும் சரித்தால் பதறுவோம், இன்னும் தாழ்த்தினால் கொட்டாவி விடுவோம். அந்த ஒன்றரை விநாடிக்குள் ஆடுகிறவர் ஒரு முடிவெடுத்தாக வேண்டும்: குண்டை எங்கே அடிப்பது?

அடிக்கும் கைக்குப் பிளிப்பர் என்று பெயர். தட்டுக்கை என்றே சொல்லிக்கொள்வோம். முதல் பதினாறு ஆண்டுகள் அது இல்லவே இல்லை. குண்டை ஏவியபின் பெட்டியை ஆட்டலாம், பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். 1947-இல் காட்லீப் நிறுவனத்தில் ஹாரி மாப்ஸ் முதன்முதலாக மின்சாரத் தட்டுக்கைகளைப் பொருத்தினார், ஒன்றல்ல, ஆறு. அந்த எந்திரத்தின் பெயர் 'ஹம்ப்டி டம்ப்டி'. மதிலிலிருந்து விழுந்தவனைத் தூக்கி நிறுத்தப் பாடுபடும் கதை. கோவை எல்கேஜி குழந்தைக்கும் தெரிந்த கதை. விழுகிற குண்டை ஆறு கைகள் மேலே தூக்கிவிடப் பார்க்கின்றன. எந்திரம் என்ன செய்கிறதோ அதையே கதையும் சொல்கிறது! விளக்கத் தாள் எதற்கு?

இனி காயில். பாடப்புத்தகம் இதை வரிச்சுருள் என்கிறது. குழாயின் மேல் கம்பியைச் சுற்றி மின்சாரம் விட்டால், குழாய்க்குள் இருக்கும் இரும்புத் தண்டு வெடுக்கென்று உள்ளே இழுபடும். அந்த இழுப்புதான் தட்டுக்கையை வீசுகிறது. கடைக்கார அண்ணன் கருகிய மேல்தாளைப் பிரித்து, கம்பியின் முனையை நகத்தால் சுரண்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஏனுங் தம்பி, இதுக்குள்ள ரெண்டு வைண்டிங் இருக்குதுங்களே. ஒண்ணு தடிச்ச கம்பி, ஒண்ணு நூலாட்டம். நம்ம சிங்கிள் பேஸ் மோட்டார்ல ஸ்டார்ட்டிங், ரன்னிங் இருக்குற மாதிரி."

பின்பாலைப் பார்த்தே இராத ஒருவர் அரை நிமிடத்தில் அதன் இதயத்தைப் பிடித்துவிட்டார். தடித்த சுருளின் மின்தடை சுமார் 4 ஓம். 50 வோல்ட் கொடுத்தால் கணக்குப்படி 600 வாட்டுக்கு மேல், அதாவது முக்கால் எச்பிக்கும் அதிகம். தோட்டத்துக் கிணற்று மோட்டார் இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு, விநாடியில் நூறில் சில பங்கு நேரத்துக்கு மட்டும். தட்டுக்கை முழுதாக வீசி முடிந்ததும் அதன் அடிக்கட்டையே ஒரு சிறு சுவிட்சைத் தட்டித் திறக்கிறது. உடனே மின்சாரம் மெல்லிய சுருளின் வழியாகவும் போயாக வேண்டும். தடை 100 ஓமைத் தாண்டுகிறது, சக்தி 20 வாட் அளவுக்கு இறங்குகிறது, ஒரு எல்இடி குழல்விளக்கு அளவு. தூக்கிய கையைத் தூக்கியபடி வைத்திருக்க அது போதும். அந்தச் சுவிட்சின் முனைகள் ஒட்டிக்கொண்டால் 600 வாட்டும் விடாமல் பாயும், சில விநாடிகளில் கருகிய வாசம் வரும். மருமகன் கொண்டுவந்த காயிலுக்கு நேர்ந்தது அதுதான்.

பொம்மைக்குள் இத்தனை யோசனை! இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை ஓரளவு ஆட்டி ஆடலாம், அளவு மீறினால் ஆட்டம் நின்றுவிடும். ஆட்டுகிறவரைக் கண்டுபிடிக்கும் கருவி, நம் கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக்குண்டுதான். ஒரு உலோக வளையத்துக்குள் அது தொங்குகிறது. வளையத்தைத் தொட்டால் குற்றம் நிரூபணம்.

"இத்தனையும் எதுக்குங் தம்பி?" என்றார் அண்ணன். செல்போனில் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினேன். 1997-இல் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'மெடீவல் மேட்னஸ்'. ஆடுபலகையின் நடுவில், மேலே, ஒரு குட்டிக் கோட்டை. வாசலில் தூக்குப்பாலம். அவர் ஒரு குண்டு ஏறி இறங்கும் வரைதான் பார்த்தார். "அந்தக் கோட்டைய இடிக்கோணுமாட்ட இருக்குது." இடிக்கத்தான் வேண்டும். குண்டால் பாலத்தைத் தட்டத் தட்ட அது இறங்கும், பின்பு வாசல் திறக்கும், உள்ளே குண்டு நுழைந்தால் கோபுரங்கள் ஆட்டம் கண்டு சரியும். கடைப் பையன் கையில் கம்பியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "டமால்!" என்றான்.

அடுத்து, எல்லாரும் கொண்டாடும் 'ஆடம்ஸ் ஃபேமிலி' எந்திரத்தைக் காட்டினேன். 1991-இல் வந்த ஹாலிவுட் படத்தின் உரிமம் வாங்கி 1992-இல் செய்தது. வடிவமைத்தவர் பேட் லாலர். அதில் ஒரு பெட்டியிலிருந்து தனிக் கை ஒன்று வெளியே வந்து, காந்தத்தால் குண்டைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்குள்ளே போய்விடும். நான் பார்த்தவற்றில் மிக அழகான கற்பனைகளில் ஒன்று. அண்ணன் கையை ரசித்தார். பிறகு கேட்டார்: "யாருங்க இவங்கெல்லாம்?"

பின்பால் உலகம் பல காலமாக வாதாடும் விஷயம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. எந்திரத்தின் கதைக்களத்தை, அதன் தோற்றம், பாத்திரம், இலக்கு எல்லாம் சேர்ந்ததை, கரு என்று சொல்வோம். புகழ்பெற்ற படம், பாட்டுக்குழு, தொடர் ஆகியவற்றிலிருந்து பணம் கொடுத்து வாங்கினால் உரிமக் கரு. தாமே கட்டினால் சொந்தக் கரு. இன்று வெளிவரும் புதிய எந்திரங்களில் உரிமக் கருக்களே அதிகம். காரணம் புரியாததல்ல. முன்பு எந்திரத்தை வாங்கியவர் கடைக்காரர். வழிப்போக்கன் ஒரு காசு போட்டுப் பார்ப்பான், பிடித்தால் இன்னொன்று போடுவான். இன்று வீட்டில் வைத்துக்கொள்ள வாங்குகிறவர்கள் அதிகம், விலையோ ஆயிரக்கணக்கான டாலர். ஆடிப் பார்க்குமுன்பே மனம் சம்மதிக்க வேண்டும். தெரிந்த முகம் அந்தச் சம்மதத்தை எளிதில் வாங்கித் தருகிறது. நம் ஊரில் முதல் காட்சிக்கு நாயகனின் பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுப்பதைப் போல.

ஆனால் எண்களைப் பாருங்கள். 'ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270 எந்திரங்கள் விற்றது. அது முறியடித்த முந்தைய சாதனை 1977-இல் பாலி நிறுவனம் வெளியிட்ட 'எய்ட் பால்', 20,230. வித்தியாசம் வெறும் நாற்பது! அந்த 'எய்ட் பால்' எந்தப் படக் கதையும் அல்ல, பில்லியர்ட்ஸ் ஆட்டம். பந்துகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும், எட்டாம் பந்து கடைசியில். மதுக்கடையில் பக்கத்து மேசையில் நடக்கும் ஆட்டத்தை எடுத்து எந்திரத்துக்குள் வைத்துவிட்டார்கள். ஆடவந்தவருக்கு விதி ஏற்கெனவே தெரியும். எட்டாம் பந்து என்ற கருவே விதிப் புத்தகம்.

ஆகவே, சொந்தக் கரு என்றால் யாரும் கேட்டிராத புதுக்கதை என்று பொருளில்லை. வென்ற சொந்தக் கருக்களை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன்: மதிலிலிருந்து விழுந்தவன், பில்லியர்ட்ஸ், கோட்டை, செவ்வாய்க் கிரகத்திலிருந்து வரும் பறக்கும் தட்டு, திருவிழாப் பேய்வீடு. எல்லாமே யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் தெரிந்த பொதுச் சொத்து. ராஜ வீதிப் புலியும் அப்படித்தான். யாரோ இருவர் மனத்தில் மட்டும் இருந்த உலகத்தை எந்திரத்தில் வைத்தால், அதை விளக்க எந்திரம் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஒன்றரை விநாடியில் யார் கேட்பார்கள்?

இன்னொரு நிபந்தனையும் உண்டு, இதைப் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை என்பது என் எண்ணம். பின்பாலுக்குத் தெரிந்த வினைச்சொல் ஒன்றுதான்: மோது. எஃகுக் குண்டால் கொஞ்ச முடியாது, சமாதானம் பேச முடியாது. ஆகவே கதைக்குள் நாம் மனதார மோத விரும்பும் ஒன்று இருந்தாக வேண்டும். நமக்குப் பிடித்த நாயகனின் பொம்மையை நடுவில் நிறுத்தி, "இவரை அடி" என்றால் கை கூசும். கோட்டை என்றால் கூசுமா? நல்ல சொந்தக் கரு, மோதலை நடுவில் வைத்துவிட்டு அதைச் சுற்றிக் கதையை வளர்க்கிறது. உரிமக் கருவோ முடிந்துபோன கதையைக் கொண்டுவந்து, மோதுவதற்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. பேட் லாலர் போன்ற கைக்காரர் தேடிக் கண்டுபிடிப்பார். அவரே 2017-இல் 'டயல்டு இன்' என்று சொந்தக் கருவோடு ஒன்று செய்தார். அதில் பலகையின் நடுவில் நிற்பது ஒரு செல்போன்! எல்லார் கையிலும் இருக்கும் பொருளைத்தான் அவரும் தேர்ந்தெடுத்தார்.

கருவிக்கும் கருவுக்கும் உள்ள உறவுக்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் 1979-இன் 'கோர்கார்'. பேசத் தெரிந்த முதல் பின்பால். அதன் மின்னணுப் பலகைக்குத் தெரிந்த சொற்கள் மொத்தம் ஏழு. ஏழு சொல்லை வைத்துக்கொண்டு யாரைப் பேச வைப்பது? வழக்கறிஞரைப் பேச வைத்தால் சிரிப்பார்கள். பாதாள அரக்கன் பேசினால், உடைந்த மொழியே பயம் காட்டும். கூடவே ஒரு இதயத் துடிப்பு. ஆட்டம் நீள நீளத் துடிப்பு வேகமெடுக்கும். குறையைக் குணமாக்கிய கரு அது. தயாராக இருக்கும் படத்தின் உரிமத்தோடு வந்திருந்தால், அந்த நாயகன் ஏழு சொல்லில் அடங்கியிருப்பானா?

காலக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'மெடீவல் மேட்னஸ்' வந்தபோது பின்பால் தொழிலே நலிந்துகொண்டிருந்தது. விற்றது ஏறக்குறைய நாலாயிரம்தான். 1999-இல் வில்லியம்ஸ் பின்பால் பிரிவையே மூடிவிட்டது. ஆனால், பல வருடங்கள் கழித்துச் சிகாகோ கேமிங் நிறுவனம் பழைய எந்திரங்களைப் புதிதாகச் செய்து விற்க முனைந்தபோது முதலில் எடுத்தது அந்தக் கோட்டையை, இரண்டாவதாக 'அட்டாக் ஃப்ரம் மார்ஸ்'. இரண்டும் சொந்தக் கரு, இரண்டும் பிரையன் எடியின் வடிவமைப்பு. பட நிறுவனம், நடிகர், இசையமைப்பாளர் என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியதில்லை. சொந்த நிலத்தில் கட்டிய வீட்டுக்கு உள்ள நிம்மதி.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னபோது அவர் கை சுற்றிக்கொண்டே இருந்தது. "அப்ப நம்மூருக்குன்னு செஞ்சா என்னங் தம்பி வெப்பீங்க?" என்றார். நான் வெகுநாளாக மனத்தில் வைத்திருந்ததைச் சொன்னேன்: அண்ணன்மார் கதை.

உடுக்கடித்துப் பாடும் அந்தக் கதை கொங்கு நாட்டில் பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் பெயர் தெரிந்த எவருக்கும் ரத்தத்தில் ஊறியது. 1965-இல் காங்கேயத்துக்கு அருகில் ஓலப்பாளையத்தில் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் அதைப் பாடகர்களிடமிருந்து இரவிரவாகப் பதிவு செய்தார். பின்பால் கண்ணோடு அந்தக் கதையைப் பாருங்கள். கீழே இரண்டு தட்டுக்கைகள்: பொன்னர், சங்கர். நடுவில் மோத வேண்டியவன் யார்? வயலை உழுது நாசம் செய்யும் காட்டுப் பன்றி, கொம்பன். அவனை மோதுவதில் எவருக்கும் கூச்சம் இல்லை. தெய்வமாக வணங்கப்படுகிறவர்களைக் குறிவைத்து மோத வேண்டியதில்லை, அவர்கள் அடிக்கிற இடத்தில் நிற்கிறார்கள். தங்கைக்காகப் பிடித்துவர வேண்டிய கிளி மேலே ஓரத்தில், எட்டாத வளைவுப் பாதையின் முடிவில்.

நவீன எந்திரங்களில் ஒரு இரக்க ஏற்பாடு உண்டு. ஏவிய சில விநாடிக்குள் குண்டு விழுந்துவிட்டால் அதைத் திருப்பித் தந்துவிடும். பிற எந்திரங்களில் அது வெறும் விதி. இங்கே அதற்கு ஒரு பெயர் கிடைக்கிறது: அண்ணன்மாரின் தங்கை, தங்காள். படுகளத்தில் மாண்டு கிடந்த அண்ணன்மாரை எழுப்பியவள் அவள்தானே? குண்டு விழும்போது விளக்குகள் அணைய வேண்டும், உடுக்கைச் சத்தம் மட்டும் கேட்க வேண்டும், பிறகு குண்டு எழ வேண்டும். வீரப்பூர்த் திருவிழாவில் படுகளம் விழுந்தவர்கள் எழும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு விநாடி என்ன செய்யும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அண்ணன் சுற்றுவதை நிறுத்தியிருந்தார். அவருடைய அப்பா சிறுவயதில் உடுக்கடிப் பாட்டு கேட்க மாட்டுவண்டியில் கூட்டிப்போனதைச் சொன்னார், கொம்பன் வரும் இரவில் பிள்ளைகள் தூங்கவே மாட்டார்களாம். பிறகு காகிதத்தைத் தள்ளி, பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"கொம்பன் தலைய ஆட்டோணும்ல? அதுக்கும் ஒரு காயில் வேணும்."

"வேணுங்ணா."

மருமகனின் காயிலில் தடித்த கம்பி 600 சுற்று, மெல்லியது 2,600 சுற்று. விரித்தால் கால் கிலோமீட்டரைத் தாண்டும். அந்த எண்களை அவர் முதலில் எழுதினார். அதற்குக் கீழே 'கொம்பன்' என்று எழுதி, கோடு போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பன்னி எவ்வளவு கனம் இருக்குமுங் தம்பி? கனம் தெரிஞ்சாத்தான் சுத்துச் சொல்ல முடியும்."